ஆண்கள் டென்னிஸை நுங்கம்பாக்கத்துக்குத் திரும்பக் கொண்டுவாருங்கள்

தமிழ்நாடு டென்னிஸ் சங்க நிர்வாகிகளுக்கும், தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணைய அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

ஒரு கோரிக்கையோடுதான் இந்த மடலை எழுதுகிறேன். ஆண்கள் டென்னிஸின் உலகச் சுற்றை நடத்தும் ஏடிபி அமைப்பின் போட்டி ஒன்றை மறுபடியும் சென்னைக்குக் கொண்டுவர முயற்சி எடுங்கள். 1997 முதல் 2017 வரை நுங்கம்பாக்கம் ஸ்டேடியத்தில் நடந்த சென்னை ஓபன் போட்டி 2018-இல் புனேவுக்குப் போனது. 2023-க்குப் பிறகு அங்கேயும் இல்லை. 2024 ஜனவரியில் அந்த இடத்தில் ஹாங்காங் வந்து உட்கார்ந்துகொண்டது. இன்று இந்தியாவில் எந்த ஊரிலும் ஆண்கள் டென்னிஸின் முதல்நிலைப் போட்டி ஒன்றுகூட நடப்பதில்லை.

இதைப் பற்றி நீங்கள் பேசும்போது உங்கள் மேசையில் என்னென்ன கணக்கு இருக்கும் என்று ஊகிக்க முடிகிறது. உரிமத்துக்கு எவ்வளவு, பரிசுத்தொகை எவ்வளவு, எந்த ஸ்பான்சர், எத்தனை ஹோட்டல் அறை. அதெல்லாம் அவசியம்தான். ஆனால் அந்தக் கோப்பில் ஆட்டக்காரர்களைப் பற்றி ஒரு வரியும் இருக்காது. அதனால் நான் அவர்களைப் பற்றி எழுதுகிறேன். நுங்கம்பாக்கத்தின் சிமென்ட் படிகளில் உட்கார்ந்து பார்த்தவர்களையும், டிவியில் மட்டும் பார்க்கக் கொடுத்துவைத்தவர்களையும் பற்றி, ஒரு ரசிகனின் அபிப்பிராயங்கள். இவற்றில் பாதி உங்களுக்கு ஒப்புதலாக இல்லாமல் போகலாம். ஆனால் இந்த அபிப்பிராயங்கள் எனக்கு உண்டானதே நம் ஊரில் அந்த ஸ்டேடியம் இருந்ததால்தான்.

முதலில் 2008. நாடாலுக்கும் மோயாவுக்கும் நடந்த அரையிறுதி. சென்னை ஓபன் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது எந்த இறுதி ஆட்டமும் இல்லை, அந்த அரையிறுதிதான். 6-7, 7-6, 7-6. மூன்று செட்டும் 6-6 என்று சமனாகி டை-பிரேக்கரில் முடிந்தன, கிட்டத்தட்ட 4 மணி நேரம். இரண்டு பேரும் ஸ்பெயினின் மயோர்க்கா தீவுக்காரர்கள். ஒருவருக்கு 31 வயது, இன்னொருவருக்கு 21. நாடாலுக்குச் சிறு வயதிலிருந்தே மோயா அண்ணன் மாதிரி. இன்னும் ஒரு புள்ளி எடுத்தால் ஜெயம் என்ற மேட்ச் பாயின்ட் வரை போய்த் தம்பியிடம் தோற்றார் அண்ணன்.

அந்த ஆட்டத்தில் டிவி காட்டாத ஒன்றை நேரில் பார்த்தோம். நாடால் இடக்கைக்காரர். அவர் குறுக்கே அடிக்கும் ஃபோர்ஹேண்ட் வலக்கைக்காரரின் பேக்ஹேண்ட் பக்கம் போய் விழும். மோயாவுக்கோ பேக்ஹேண்ட், அதாவது மட்டை பிடிக்கும் கைக்கு எதிர்ப்பக்கம்தான் பலவீனமான பக்கம். டிவி கேமரா மேலிருந்து பார்ப்பதால் பந்து தாழ்வாகப் போவது போலத் தோன்றும். பக்கவாட்டில் உட்கார்ந்து பாருங்கள், அந்த டாப்ஸ்பின் பந்து தரையில் பட்டு மோயாவின் தோளுக்கு மேலே எகிறும். அவர் ஒவ்வொரு முறையும் சின்னச் சின்ன எட்டாக வைத்துப் பந்தைச் சுற்றி ஓடி, கோர்ட்டின் இடது மூலைக்கே போய், அங்கிருந்து தன் ஃபோர்ஹேண்டை அடிப்பார். அடித்த கையோடு வலது பக்கம் மொத்தமும் காலியாகக் கிடக்கும். உடனே திரும்பி ஓட வேண்டும். 31 வயதில் இதை மூன்று செட்டுக்குச் செய்தார் மனுஷர். அன்று என் கண் பந்தை விட்டுவிட்டு அவர் கால்கள் மேலேயே இருந்தது. டென்னிஸ் என்பது முதலில் கால்களின் ஆட்டம் என்று பயிற்சியாளர்கள் சொல்வதன் அர்த்தம் அன்றுதான் எனக்கு விளங்கியது.

மறுநாள் இறுதியில் ரஷ்யாவின் யூஷ்னி 6-0, 6-1 என்று நாடாலைத் தோற்கடித்தார். டிக்கெட் காசு வீண் என்று பலர் முணுமுணுத்துக்கொண்டே போனார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. உடம்பில் ஒன்றும் மிச்சமில்லாத ஒருவர், காயம் என்று சொல்லி ஒதுங்கிக்கொள்ளாமல், வந்து நின்று, தோற்று, கைகொடுத்துவிட்டுப் போனார். அதே வருடம் விம்பிள்டனில் ஃபெடரரை ஐந்தாவது செட்டில் 9-7 என்று வென்றதும் இவர்தான். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்ப்பவருக்கே நாடால் புரிவார். அப்புறம் யூஷ்னி. அவரை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை, அது எனக்கு எப்போதும் வருத்தம். ஒற்றைக் கை பேக்ஹேண்டை அவ்வளவு அழகாக அடித்தவர்கள் அவர் காலத்தில் மிகச் சிலரே.

மோயாவைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2004 டிசம்பர் 26 சுனாமி இந்த ஊரின் கடற்கரையை என்ன செய்தது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அடுத்த சில நாட்களில் சென்னை ஓபன் தொடங்கியது. ஊர் இருந்த நிலையில் டென்னிஸ் பார்க்கப் போகலாமா என்று எங்களுக்கே தயக்கம். மோயா வந்தார், ஆடினார், பட்டத்தை வென்றார், பரிசுப் பணத்தைச் சுனாமி நிவாரணத்துக்குக் கொடுத்தார். 1998-இல் பிரெஞ்சு ஓபன் வென்றவர், 1999-இல் உலகின் முதல் நிலையில் இருந்தவர். அப்படிப்பட்டவர் வருடா வருடம் இங்கே வந்துகொண்டிருந்தார். பின்னாளில் நாடாலின் பயிற்சியாளராகி அவருடைய கடைசிக் காலம் வரை கூடவே இருந்தார். சென்னை ரசிகர்கள் மோயாவை நம்மவர் என்று சொல்வது வெறும் பாசத்தால் வந்ததல்ல, அதற்குக் காரணம் உண்டு.

பாரடோர்ன் ஸ்ரீசபான் அதே காலத்தவர். தாய்லாந்துக்காரர். 2002 முதல் 2005 வரை நான்கு வருடம் தொடர்ந்து சென்னையில் இறுதிக்கு வந்தார், 2003-இல் வென்றார். வென்றதும் இரண்டு கைகளையும் கூப்பி நான்கு பக்கமும் திரும்பி வணங்குவார். அதைப் பார்த்ததும் கேலரியில் இருந்த எங்கள் கைகளும் தாமாகவே கூப்பிக்கொள்ளும். ஆசியாவிலிருந்து ஒருவர் உலகின் முதல் பத்து இடங்களுக்குள் வர முடியும் என்பதை அந்தக் காலத்துச் சென்னைப் பிள்ளைகள் கண்ணால் கண்டது இவரிடம்தான். செய்தித்தாளில் படிப்பதும், இருபது அடி தூரத்தில் ஒருவர் வியர்த்துக்கொண்டு நிற்பதைப் பார்ப்பதும் ஒன்றாகிவிடுமா?

இப்போது சுவிட்சர்லாந்தின் வாவ்ரிங்கா. என் பிரியம் முழுவதும் இவர்மேல்தான் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2011, 2014, 2015, 2016 என்று நான்கு முறை இங்கே பட்டம் வென்றவர். ஒற்றையரில் வேறு யாரும் இந்தப் போட்டியை நான்கு முறை வென்றதில்லை. 2014-இல் இங்கே கோப்பையைத் தூக்கிவிட்டு நேரே மெல்போர்ன் போனார். காலிறுதியில் ஜோகோவிச்சை ஐந்தாவது செட்டில் 9-7 என்று வீழ்த்தினார், இறுதியில் நாடாலை வீழ்த்தி ஆஸ்திரேலிய ஓபன் வென்றார். ஜனவரி முதல் வாரம் நம் கேலரியில் பார்த்த அதே பேக்ஹேண்டை ஜனவரி கடைசி வாரம் உலகமே எழுந்து நின்று பார்த்தது. அந்தப் பெருமை இந்த ஊருக்கு எப்படி இருந்தது என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

அந்த பேக்ஹேண்டை நேரில் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். பந்து வரும்போது வலது தோளை வலைப் பக்கம் காட்டி, முதுகில் பாதி எதிராளிக்குத் தெரியும் அளவுக்குத் திரும்பிவிடுவார். இடது கை மட்டையின் கழுத்தைப் பிடித்திருக்கும். பந்தை அடிக்கும் நொடியில் வலது கை முன்னே போகும், இடது கை பின்னே போகும், நெஞ்சு மட்டும் பக்கவாட்டிலேயே நிற்கும். நெஞ்சு சீக்கிரம் திரும்பிவிட்டால் பந்து கோட்டுக்கு வெளியே போய்விடும். இந்த நிதானம்தான் அந்த அடியின் உயிர். அப்புறம் அதன் சத்தம். மற்றவர்கள் அடிக்கும்போது கேட்பதைவிட அடர்த்தியான, கனமான சத்தம். ராலி ஓடிக்கொண்டிருக்கும்போது கண்ணை மூடிக்கொண்டால்கூட எது வாவ்ரிங்காவின் பேக்ஹேண்ட் என்று கண்டுபிடித்துவிடலாம். டிவியில் எல்லார் பந்துக்கும் ஒரே சத்தம்தான்.

ஆஸ்திரேலிய ஓபன், பிரெஞ்சு ஓபன், விம்பிள்டன், அமெரிக்க ஓபன் என்ற நான்கு பெரிய போட்டிகளைத்தான் கிராண்ட் ஸ்லாம் என்பார்கள். வாவ்ரிங்காவுக்கு மூன்று கிராண்ட் ஸ்லாம். 2014 ஆஸ்திரேலியா, 2015 பிரெஞ்சு, 2016 அமெரிக்கா. மூன்று இறுதியிலும் எதிரே நின்றவர் அப்போதைய உலகின் முதல்நிலை ஆட்டக்காரர். ஒருமுறை நாடால், இரண்டு முறை ஜோகோவிச். ஆண்டி மரேவுக்கும் மூன்றுதான். மரேவின் ஆட்டம் அதிகம் நிலையானது, இரண்டு ஒலிம்பிக் ஒற்றையர் தங்கம் வைத்திருக்கிறார், உலகின் முதல் நிலைக்கும் போனவர். மொத்த வாழ்க்கையையும் எடை போட்டால் மரேதான் பெரியவர், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஒரே ஒரு நாள், ஒரே ஒரு ஆட்டம், எதிரே யார் வேண்டுமானாலும் நிற்கட்டும் என்று கேட்டால் நான் கூப்பிடுவது வாவ்ரிங்காவைத்தான்.

மற்றவர்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க ஓபன் சாம்பியன் என்ற பட்டத்தோடு 1998-இல் இங்கே வந்து வென்றவர் பேட்ரிக் ராஃப்டர். சர்வ் அடித்துவிட்டு வலைக்கு ஓடி வரும் அந்த ஆட்டமுறை இன்று ஏறக்குறைய அழிந்தே போய்விட்டது, பார்த்தவர்கள் புண்ணியவான்கள். சிலிச் 2009, 2010 இரண்டு வருடமும் வென்றார், 2014-இல் அமெரிக்க ஓபன் சாம்பியன் ஆனார். ராவ்னிச் 2012-இல் அந்த வாரம் முழுக்க ஒருமுறைகூடத் தன் சர்வை இழக்காமல் கோப்பையை வென்றார். அவருடைய சர்வை ரசிக்க முடிந்தது, ஆட்டத்தை ரசிக்க முடியவில்லை. புள்ளி எல்லாம் இரண்டு அடியில் முடிந்துவிட்டால் பார்க்க வந்தவனுக்கு என்ன இருக்கிறது?

மெட்வடேவைப் பற்றி நிறுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் வாதத்தின் மையம் அங்கேதான் இருக்கிறது. 2017, சென்னையின் கடைசி வருடம். இறுதியில் பாடிஸ்டா அகுட் வென்றார். எதிரே ஆடித் தோற்றவர் இருபது வயது ரஷ்யப் பையன். நெட்டையான, ஒல்லியான உருவம், பேஸ்லைனுக்கு வெகுதூரம் பின்னால் நின்று ஆடும் பழக்கம், மட்டையைச் சுழற்றும் விதமோ எந்தப் பயிற்சி மையத்திலும் சொல்லித்தராத மாதிரி. அவருக்கு அது முதல் ஏடிபி இறுதி. பெயரைச் சரியாக உச்சரிக்கவே பாதிப் பேருக்குத் தெரியாது. 2021-இல் அதே பையன் அமெரிக்க ஓபன் இறுதியில் ஜோகோவிச்சை நேர் செட்களில் வென்று, ஒரே வருடத்தில் நான்கு கிராண்ட் ஸ்லாமையும் வெல்லும் அவரது கனவை உடைத்தார். 2022-இல் உலகின் முதல் நிலைக்கு வந்தார். அதே போல 2004-இல் டாமி ரோப்ரெடோவோடு சேர்ந்து சென்னையில் இரட்டையர் பட்டம் வென்ற பதினேழு வயதுப் பையன் ஒருவன் இருந்தான். ரஃபேல் நாடால்.

வென்றவருக்கு 250 தரவரிசைப் புள்ளி தரும், சென்னை ஓபன் மாதிரியான சின்ன ஏடிபி போட்டி ஒன்றின் உண்மையான மதிப்பு இதில்தான் இருக்கிறது. ஃபெடரரும் ஜோகோவிச்சும் இங்கே வந்து ஆடவில்லை. இனி இந்தத் தலைமுறையின் நட்சத்திரங்களான அல்கராஸும் சின்னரும் உச்சத்தில் இருக்கும்போது வருவார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் அடுத்த அல்கராஸ் பெயர் தெரியாத வயதில் ஏதோ ஒரு ஊரின் இரண்டாவது கோர்ட்டில் ஆடிக்கொண்டுதான் இருப்பான். அந்த ஊர் நம் ஊராக ஏன் இருக்கக் கூடாது என்பதே என் கேள்வி.

ஃபெடரர், நாடால், ஜோகோவிச் என்ற பெரிய மூவரைப் பற்றிப் பேசாமல் எந்த டென்னிஸ் ரசிகனாலும் ஒரு மடலை முடிக்க முடியாது. சரி, என் கருத்தையும் சொல்கிறேன். மூவரில் பெரியவர் ஜோகோவிச். 24 கிராண்ட் ஸ்லாம், அந்த நான்கு போட்டிகளில் ஒவ்வொன்றிலும் குறைந்தது மூன்று முறை வெற்றி, மற்ற இருவரோடும் நேருக்கு நேர் கணக்கில் முன்னிலை. 2019 விம்பிள்டன் இறுதியில் ஃபெடரருக்கு அவர் சர்விலேயே இரண்டு சாம்பியன்ஷிப் பாயின்ட். இரண்டையும் காப்பாற்றி, எதிராளிக்காகக் கத்திக்கொண்டிருந்த மொத்த அரங்கத்தின் நடுவே வென்றவர் அவர். ஃபெடரர் ரசிகர்கள் அவரைக் குறைத்துப் பேசுவது எனக்குப் பிடிப்பதில்லை. நானும் ஃபெடரர் ரசிகன்தான். அழகு வேறு, வெற்றி வேறு. இரண்டையும் குழப்பிக்கொண்டு வாட்ஸ்அப் குழுக்களில் சண்டை போடுவதில் எந்தப் பிரயோஜனமும் இல்லை.

ஆனால் சென்னை ஏன் இவ்வளவு தீவிரமாக ஃபெடரர் பக்கம் சாய்ந்தது என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். 2006 டிசம்பரில் யுனிசெஃப் தூதராக அவர் தமிழ்நாட்டுக்கு வந்து சுனாமியில் பாதிக்கப்பட்டவர்களைச் சந்தித்தது ஒரு காரணமாக இருக்கலாம். அதைவிடப் பெரிய காரணம் ராமநாதன் கிருஷ்ணன் என்று நினைக்கிறேன். நாகர்கோவிலில் பிறந்து, 1954-இல் விம்பிள்டன் ஜூனியர் பட்டம் வென்று, 1960-லும் 1961-லும் விம்பிள்டன் அரையிறுதி ஆடியவர். 1961-இல் காலிறுதியில் ராய் எமர்சனையே வென்றவர். பலம் காட்டாத ஆட்டம், பந்தை வைக்க வேண்டிய இடத்தில் வைக்கும் ஆட்டம். அவர் மகன் ரமேஷ் கிருஷ்ணனும் அப்படித்தான். அவருடைய சர்வைப் பார்த்து வெளிநாட்டு வர்ணனையாளர்களே சிரித்ததுண்டு. அந்த சர்வை வைத்துக்கொண்டுதான் 1989 ஆஸ்திரேலிய ஓபனில் உலகின் முதல்நிலை ஆட்டக்காரரும் நடப்புச் சாம்பியனுமான மாட்ஸ் விலாண்டரை நேர் செட்களில் வென்றார். பந்து மட்டைக்கு வரும் வேகத்தையே எடுத்துத் திருப்பிக் கொடுத்துவிடுவார், கச்சேரியில் தாளத்தைப் பிடித்துக்கொண்டே ஸ்வரத்தைத் தள்ளி எடுக்கும் வித்வான் மாதிரி. இதைப் பார்த்து வளர்ந்த ஊர் இது. ஃபெடரர் ஒரு ஸ்லைஸை வெட்டி வைத்தால் மயிலாப்பூர் மாமா ஒருவர் "பேஷ்" என்று சொன்னதில் ஆச்சரியமே இல்லை.

விஜய் அமிர்தராஜ் கொஞ்சம் வேறு வகை. உயரமானவர், சர்வும், பந்து தரையில் படும் முன்பே அடிக்கும் வாலியும் அவருடைய ஆட்டம். 1973-இல் விம்பிள்டன், அமெரிக்கா இரண்டிலும் காலிறுதி. 1981 விம்பிள்டன் காலிறுதியில் ஜிம்மி கானர்ஸுக்கு எதிராக முதல் இரண்டு செட்டையும் எடுத்துவிட்டுத் தோற்றார். அந்தத் தோல்வியைப் பற்றி என் அப்பா தலைமுறை இன்றும் பேசுகிறது. அவரே பின்னாளில் உங்கள் சங்கத்தின் தலைவர் பொறுப்புக்கு வந்தார், 2024-இல் லியாண்டர் பயஸோடு சேர்ந்து சர்வதேச டென்னிஸ் புகழ் அரங்கத்திலும் இடம்பிடித்தார். அந்தப் பயஸ் சிறுவனாக டென்னிஸ் கற்றுக்கொள்ள வந்ததே சென்னையில் அமிர்தராஜ் குடும்பம் நடத்திய அகாடமிக்குத்தான். இந்த ஊருக்கு இந்த ஆட்டத்தில் இருக்கும் உரிமையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லி ஆக வேண்டியதில்லை.

நம் பையன்களுக்கு வருகிறேன். 2009-இல் சோம்தேவ் தேவ்வர்மன் வைல்டு கார்டில், அதாவது தரவரிசை போதாதவருக்கு போட்டி நடத்துபவர்கள் தரும் நேரடி இடத்தில், உள்ளே வந்து இறுதி வரை போனார். வழியில் மோயாவை வென்றார். உயரத்தாலும் சர்வாலும் மலை மாதிரி நின்ற கார்லோவிச்சையும் வென்றார். அந்த வாரம் அலுவலகத்திலிருந்து அரை நாள் லீவு போட்டுவிட்டு வள்ளுவர் கோட்டம் பக்கம் ஓடாத டென்னிஸ் ரசிகன் யார்? 2014-இல் ராம்குமார் ராமநாதன் அதே மைதானத்தில் சோம்தேவை வீழ்த்தினார், அப்போது அவருக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. மூன்று வருடம் கழித்து டாமினிக் தீமை வென்றார். பிரஜ்னேஷ் குணேஸ்வரன் முழங்கால் காயங்களோடு பல வருடம் போராடி 2019-இல் உலகத் தரவரிசையில் 75-ஆம் இடத்துக்கு வந்தார். ராம்குமாரும் பிரஜ்னேஷும் சென்னைக்காரர்கள். சொந்த ஊரில் ஏடிபி போட்டி இருந்ததால், சொந்த ஊர் வைல்டு கார்டு இருந்தது. அது ஒன்றும் தர்மம் கிடையாது. தரவரிசையில் 200, 300 என்று இருக்கும் ஒருவருக்கு 30, 40-ஆம் இடத்தில் இருப்பவரோடு ஆடிப் பார்க்க வேறு வழியே கிடையாது.

சுமித் நாகலைப் பாருங்கள். 2023-இல் தன் வங்கிக் கணக்கில் 900 யூரோதான் மிச்சம் என்று வெளிப்படையாகச் சொன்னார். அடுத்த ஜனவரியில் ஆஸ்திரேலிய ஓபனில், போட்டியின் முன்னணி ஆட்டக்காரர்களில் ஒருவராக வரிசைப்படுத்தப்பட்டிருந்த (சீடட்) புப்லிக்கை வீழ்த்தினார். கிராண்ட் ஸ்லாம் ஆண்கள் ஒற்றையரில் அப்படி ஒரு இந்தியர் செய்தது ரமேஷ் கிருஷ்ணனின் 1989 வெற்றிக்குப் பிறகு அதுதான் முதல் முறை. பிப்ரவரியில் நுங்கம்பாக்கத்துக்கு வந்து, நீங்கள் நடத்திய, முதல்நிலைக்கு அடுத்த படியான சேலஞ்சர் போட்டியை வென்று, முதல் 100 இடங்களுக்குள் நுழைந்தார். அந்த வெற்றியில் உங்களுக்கும் பங்கு உண்டு. அதற்காக மனதார நன்றி சொல்கிறேன். 2022-லும் 2025-லும் பெண்களுக்கான சென்னை ஓபனை நடத்தியதற்கும் நன்றி. செஸ் ஒலிம்பியாட், ஆசிய ஹாக்கி, ஸ்குவாஷ் உலகக் கோப்பை எல்லாவற்றையும் நடத்திக் காட்டிய அரசுக்கு ஒரு டென்னிஸ் வாரத்தை நடத்துவது கைக்கு எட்டாத காரியமா என்ன?

உரிமம் வாங்குவது சுலபமில்லை என்று எனக்குத் தெரியும். ஏடிபி புதிதாக வாரங்களை உருவாக்கித் தருவதில்லை, வேறு ஊரில் நடத்த முடியாமல் போகிற ஒன்றைப் பேசி வாங்க வேண்டும். 250 போட்டிகளின் எண்ணிக்கையையும் குறைத்துக்கொண்டு வருகிறார்கள். அதனால்தான் இப்போதே கேட்கச் சொல்கிறேன். தாமதமானால் வாங்குவதற்கே ஒன்றும் இருக்காது. ஒரு காலத்தில் நம் ஜனவரிக்கு ஒரு ஒழுங்கு இருந்தது. கச்சேரி சீசன் முடியும், டென்னிஸ் தொடங்கும், அப்படியே புத்தகக் கண்காட்சி, பொங்கல். அதே வாரம் கிடைக்காவிட்டால் வேறு வாரம் கிடைத்தாலும் போதும். மழையில்லாத மாதமாக இருந்தால் சரி.

உரிமம் கிடைக்கும் வரை சும்மா இருக்க வேண்டாம். கையில் இருக்கும் சேலஞ்சரிலேயே செய்யக்கூடியவை சில உண்டு. பயிற்சிக் கோர்ட்டுகளைப் பார்வையாளர்களுக்குத் திறந்துவிடுங்கள். யார், எத்தனை மணிக்கு, எந்தக் கோர்ட்டில் பயிற்சி செய்கிறார் என்று வாசலில் ஒரு பலகையில் எழுதி வையுங்கள். ஆட்டத்தில் பார்ப்பதைவிடப் பயிற்சியில் ஒரு பிள்ளைக்குக் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. ஒரே அடியை ஒரு ஆட்டக்காரர் அரைமணி நேரம் திரும்பத் திரும்ப அடிப்பதைப் பார்த்த பிள்ளை, மறுநாள் தன் பயிற்சியாளர் நூறு முறை அடிக்கச் சொன்னால் முகம் சுளிக்காது.

மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளைப் பகல் ஆட்டங்களுக்கு அழைத்து வாருங்கள். பகலில் கேலரி எப்படியும் காலியாகத்தான் கிடக்கிறது. நம் ஊரில் டென்னிஸ் இன்னும் கிளப் உறுப்பினர்களின் பிள்ளைகளுக்கான ஆட்டமாகவே இருக்கிறது. என் அக்கா மகனை ஒரு பயிற்சி மையத்தில் சேர்க்கப் போனபோது, ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசும் முன் மாதக் கட்டணத்தையும் காலணியின் பிராண்டையும்தான் சொன்னார்கள். பையன் பேசாமல் கிரிக்கெட்டுக்குப் போய்விட்டான். அவன் வயதில் நான் பாரடோர்னைப் பார்த்தேன், அவனுக்கு அப்படிப் பார்க்க யாரும் கிடைக்கவில்லை.

இந்தியர் ஆடும் ஆட்டங்களை மாலை 6 மணிக்கு மேல் வையுங்கள். வேலை முடித்து வருகிறவர்களுக்கும் வசதி, ஆடுகிறவர்களுக்கும் வெயில் கொஞ்சம் இறங்கியிருக்கும். அறிவிப்புகளைத் தமிழிலும் சொல்லுங்கள். டிக்கெட்டை ஆன்லைனில் மட்டும் விற்காமல் வாசலில் ஒரு கவுன்ட்டரும் வையுங்கள். 1960-இல் கிருஷ்ணன் ஆடியதை ரேடியோவில் கேட்ட தலைமுறை ஒன்று இன்னும் இந்த ஊரில் இருக்கிறது, அவர்கள் எல்லாருக்கும் செயலியில் டிக்கெட் எடுக்கத் தெரியாது.

கடைசியாக ஒன்று. ஸ்டேடியத்தின் நடைபாதையில், உள்ளே வருகிறவர்கள் எல்லாரும் பார்க்கும் இடத்தில், இங்கே ஆடியவர்களின் பெயர்களை வருடத்தோடு எழுதி வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ராஃப்டர் 1998, ஸ்ரீசபான் 2003, மோயா 2004, 2005 என்று தொடங்கி வாவ்ரிங்காவின் நான்கு பட்டங்கள் வரை. தோற்றவர்கள் பெயரும் வேண்டும், சோம்தேவும் மெட்வடேவும் அந்தப் பட்டியலில்தான் வருவார்கள். அதற்குப் பெரிய செலவு ஆகாது, ஏடிபியின் அனுமதியும் தேவையில்லை. அடுத்த சேலஞ்சருக்கு முன்பே செய்துவிடலாம்.

உங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
நுங்கம்பாக்கம் கேலரி ரசிகன்,
சென்னை.